இந்தத் தொட்டியைச் செஞ்சது யாரு?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். 1950-கள்ல வந்த ஒரு அமெரிக்க பிக்கப் டிரக். பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி இருக்கே, அங்கே அதை ‘பெட்’ன்னு சொல்வாங்க, அதை யாரோ வெட்டி ஒட்டி மாத்தியிருக்காங்க. அது ஃபோர்டா, செவர்லேவா, டாட்ஜா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வண்டி நம்பரைப் பார்த்தா தெரியாதான்னு கேட்பீங்க. தெரியாது. நம்பர் இருக்கிறது கேபின்லயும் சேஸிஸ்லயும். தொட்டி தனி உருப்படி. போல்ட்டைக் கழட்டினா இறங்கிடும், இன்னொண்ணை ஏத்திடலாம். போதாததுக்கு, பழைய வண்டியில இருந்து தொட்டியை மட்டும் வெட்டியெடுத்து, ஓர் ஆக்ஸில் மாட்டி டிரெய்லரா இழுத்துட்டுப் போறது அங்கே ரொம்ப சகஜம். வண்டி போய்டும், தொட்டி மட்டும் மிஞ்சும்.

தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? முதல்ல, பார்ட்ஸ். பின்கதவும் லைட்டும் வாங்கணும்னா மாடல் தெரியணும், இல்லைன்னா பொருந்தாது. அதைவிட முக்கியம், சாதாரணத் தகரம்னு நினைச்சு ஓர் அபூர்வமான பொருளை வெட்டிப் போட்டுடக் கூடாது.

ஆரம்பத்துல இருந்தே இந்தத் தொட்டிகளுக்கு ஒரே சொந்தக்காரர் கிடையாது. ஃபோர்டு தன் மாடல் டி காரைத் தொட்டியோட, பிக்கப்பா ஃபேக்டரியிலேயே விற்க ஆரம்பிச்சது 1925-ல. விலை 281 டாலர். அதுக்கு முன்னாடி வெறும் சேஸிஸை வாங்கி, வெளியே பட்டறையில பாடி கட்டிக்குவாங்க.

கம்பெனிகளே கலப்படம் பண்ணியிருக்காங்க. 1957-ல டாட்ஜ் ‘ஸ்வெப்ட்சைட்’னு ஒரு பிக்கப் விட்டாங்க. ராக்கெட் வால் மாதிரி பின்பக்கம். அந்தப் பக்கத் தகடுகள் டிரக்குக்காகச் செஞ்சதே இல்லை. அவங்களோட ஸ்டேஷன் வேகன் கார்ல இருந்து எடுத்து மாட்டினது! இதைப் பார்க்கிற யாருக்கும் ‘எவனோ பட்டறையில ஒட்டியிருக்கான்’னு தோணும். ஆனா ஒட்டினது கம்பெனிதான்.

ஸ்டூடிபேக்கர் கதை இன்னும் ஜோர். 1961-ல தன்னோட ‘சாம்ப்’ பிக்கப்புக்கு அகலமான தொட்டி வேணும், புது அச்சு செய்யக் காசு இல்லை. டாட்ஜோட பழைய தொட்டி அச்சுகளை வாங்கிட்டாங்க. கேபின் ‘லார்க்’ கார்ல இருந்து வந்தது, தொட்டி டாட்ஜ் அச்சுல இருந்து வந்தது. தொட்டி கேபினைவிட அகலம், பக்கவாட்டுக் கோடுகூட நேரா சேராது. பார்க்க மாத்தின வண்டி மாதிரி இருக்கும். ஆனா ஷோரூம்ல இருந்து வந்ததே அப்படித்தான்!

சரி, எப்படித் துப்புத் துலக்குறது? ஒரே விதி: சுலபமா மாத்தக்கூடியதைக் கடைசியா நம்பு. பின்கதவுல ‘ஃபோர்டு’ன்னு எழுதியிருந்தா, அந்தக் கதவு ஃபோர்டு, அவ்வளவுதான். லைட், பம்பர், பெயின்ட் எல்லாம் அதே கணக்கு.

மாத்தக் கஷ்டமானது எது? பிரஸ்ல அடிச்ச வடிவம். தகட்டுல ஓடுற மடிப்புகள், சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவு, மேல்விளிம்புல கம்பு செருகுற குழிகளோட எண்ணிக்கையும் இடைவெளியும், அடியில போல்ட் ஓட்டைகள். டேப் எடுத்து அளந்து, சந்தேகப்படுற மாடலோட ஒப்பிடணும். மடிப்புகளோட இடைவெளி ஓரிடத்துல மட்டும் குறையுதா? எட்டடித் தொட்டியை யாரோ வெட்டிக் குட்டையாக்கியிருக்கலாம்.

அடுத்து வெல்டிங். ஃபேக்டரியில ஸ்பாட் வெல்டிங்: சின்னச் சின்னப் பொட்டு, ஓரளவு சமமான இடைவெளியில. பட்டறையில போட்டது புழு மாதிரி நீளமா ஓடும். மேலே பட்டி வெச்சு, பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. அதனால அடியில படுத்துப் பார்க்கணும்.

கடைசியா ஒரு காந்தம். ஒட்டலைன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, தடிமனா பட்டி. இன்னொண்ணு, ஃபைபர் கிளாஸ். 1955-ல செவர்லே ‘கேமியோ கேரியர்’னு ஒரு பிக்கப் விட்டாங்க. அதோட தொட்டியின் வெளிப்பக்கம் ஃபைபர் கிளாஸ். கொர்வெட் காருக்குப் பாடி பாகங்கள் செஞ்ச அதே ஒஹாயோ கம்பெனிதான் இதையும் செஞ்சது. அப்போ வித்தது செவர்லே, செஞ்சது வேறொருத்தர். காந்தம் ஒட்டலைன்னா கட்டரைக் கீழே வெச்சிடுங்க.

நம்ம ஆளுங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். ‘கிட் பிளேம்’ அடிச்சா, ஒரு வரியை முதல்ல எழுதினவர் வர மாட்டார், கடைசியா தொட்டவர்தான் வருவார். இந்தத் தொட்டியிலும் அதே சிக்கல். அச்சு அடிச்சவர் ஒருத்தர், பேர் போட்டு வித்தவர் ஒருத்தர், வெட்டி ஒட்டினவர் ஒருத்தர். ‘யார் செஞ்சது’ன்னு கேட்டா மூணு பேரையும் சொல்லணும்.

இதுல எனக்கு ஒரு கருத்து இருக்கு. ஒரிஜினலா மாத்துறேன்னு சொல்லி அந்த மூணாவது ஆளோட வேலையை அப்படியே தேய்ச்சு எடுத்துடுறாங்க. முதல் ரெண்டு பேருக்கும் கேட்டலாக் இருக்கு, விளம்பரம் இருக்கு. மூணாவது ஆளுக்கு எந்த ரெக்கார்டும் இல்லை, அந்த வெல்டிங் மட்டும்தான். துரு பிடிச்சு ஆபத்தா இருந்தா வெட்டுங்க, தப்பே இல்லை. ஆனா கிரைண்டரை ஆன் பண்றதுக்கு முன்னாடி நாலு பக்கமும், அடியிலும், டேப் வெச்சு நாலு போட்டோ எடுத்து வெச்சிடுங்க. அடுத்து அதை வாங்குறவருக்கு அதுதான் கமிட் ஹிஸ்டரி.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.