இருபத்தைந்து ரூபாயின் பொருள்



வாழ்வின் இறுதி வினாவுக்கு விடை 42 என்று 1978-இல் டக்ளஸ் ஆடம்ஸ் தம் வானொலித் தொடரில் நகையாடினார். வினா பேரண்டத்தளவு, விடையோ சிற்றெண். அதற்கு 35 ஆண்டுகள் முன்னரே, 1943-இல், அத்தகைய எண்ணொன்றைத் தமிழுக்குத் தந்தவர் புதுமைப்பித்தன். 1906-இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அவ்வெண் 25.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், சென்னைக்கு வந்த சிவபெருமானிடம் பிள்ளை வரம் வேண்டவில்லை. தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா 25 ரூபாய் கேட்கிறார். எவருடைய ஆயுள் என்பது கடவுளின் ஐயம். பிறப்பிறப்பற்றவனுக்கு ஆயுள் ஏது? சிரிப்பு அங்கே பிறக்கிறது.

சிதம்பரத்தில் பொன்னம்பலத்தே ஆடுபவன் சென்னையில் பிழைப்புக்காக ஆடிக் காட்டுகிறான். மெய்யான புலித்தோலும் மெய்யான பாம்பும் கலையாகா என்று விலக்கப்படுகிறான். தில்லையில் தொழப்படுபவன், வாயிலில் வந்து நின்றால் அறியப்படுவதில்லை. எட்ட நின்று வரம் தரலாம், உடனிருந்து வாழ இயலாது என்றுணர்ந்து மறைகிறான்.

எஞ்சியது பணம். பிள்ளை அதனைப் பரமசிவம் பிள்ளை என்னும் பெயரில் வரவு வைக்கிறார். இதனை வெறும் இறைமறுப்பு எனல் பொருந்தாது. மனிதரிடையே கடவுளுக்குக் கிடைத்த இடம், எளியவன் ஒருவனது கணக்கேட்டில் ஒரு வரி. வரம் கொள்ளாது விருந்தினனை வழியனுப்பியவனின் நேர்மையும் அவ்வரியிலேயே உள்ளது.

தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று குழந்தை மட்டும் கேட்கிறது. அவ்வினாவுக்கு எவ்வெண்ணும் விடையாகாது.