உழைக்கும் உடலைப் பேணுவோம்



உழவரின் உடல்நலம் பற்றி மயிலாப்பூரில் பேசுவானேன் எனச் சிலர் எண்ணலாம். அருகிலுள்ள தியாகராய நகர், 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. ஏரியும் வயலும் நகரமாயின; ஆனால் நம்மில் பலருடைய பெற்றோர் இன்றும் செங்கற்பட்டுச் சிற்றூர்களில் கூலிக்கு உழுகின்றனர்.

என் தந்தையார் நிலமற்ற உழவர். பண்ணை மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் கால்நடை மருத்துவரை அழைத்துவர மூன்று மைல் நடப்பார். தம் நெஞ்சுவலியை மட்டும் எவரிடமும் கூறமாட்டார். மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்னும் அச்சம். ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அவ்வயதைக் கடந்து நான் இங்கு நிற்கிறேன்.

இதனை அவருடைய அறியாமை என்று தள்ளிவிடலாகாது. நியாயக் கூலியும் ஓய்வும் மறுக்கப்பட்டதன் விளைவு இது. அவ்வுரிமைகளைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு உயிரோடும் இருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டில் மராட்டிய மாநில யவத்மாள் மாவட்டத்தில், பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி மாண்டனர். அவருள் கூலியாட்களும் இருந்தனர். மருந்து என நாம் அழைப்பது நஞ்சே. அதனைக் கையால் கலக்கலாகாது. காற்றுக்கு எதிராகத் தெளிக்கலாகாது. மூக்கும் வாயும் மூடியிருத்தல் வேண்டும். சோப்பிட்டுக் கைகழுவாமல் உண்ணவோ பீடி பிடிக்கவோ கூடாது. தலைசுற்றலோ வாந்தியோ கண்டால் உடனே 108க்குத் தெரிவித்து, மருந்துப் புட்டியின் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உள்ளமும் உடலைச் சேர்ந்ததே. கடனும் பொய்த்த மழையும் தரும் துயரைக் குடியில் கரைக்க முயல்வோர் குடும்பத்தையும் கரைக்கின்றனர். துயரை வாய்விட்டுச் சொல்வது கோழைத்தனமன்று. 14416 என்னும் எண்ணில் 2022 முதல் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

இளைஞர்களே! படிப்பினால் நீங்கள் பெற்ற பயன் ஊரிலுள்ளோரையும் சென்றடைய வேண்டும். பொங்கலுக்குப் புத்தாடை கொண்டு செல்கிறீர்கள், நன்று. இம்முறை ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். தாய் தந்தையரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். அன்றைய கூலியை அவர்கள் கையில் நீங்களே கொடுங்கள். என் தந்தையாருக்கு நான் செய்யத் தவறியது அதுவே.