பிள்ளை பிழைத்தால் குடும்பம் தழைக்கும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற தம்பதியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இம்மலருக்காக நம் கோவிலின் பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். ஞானஸ்நானப் பதிவேட்டில் கண்ட பெயர், சில நாட்களிலேயே அடக்கப் பதிவேட்டிலும் வருகிறது. ஒரே தாய்க்கு இப்படி மூன்று பிள்ளைகள், நான்கு பிள்ளைகள்! நிறையப் பெற்றால்தான் ஒன்றிரண்டாவது மிஞ்சும் என்று நம் பாட்டிமார் எண்ணியது அறியாமையால் அல்ல, அனுபவத்தால். குருக்களாகிய நாமோ, தேவ சித்தம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

குடும்ப நலம் பேசுகிறவர்கள் முதலில் குழந்தையின் உயிரைக் காக்கவேண்டும். இதைச் செய்து காட்டியவர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் கிறிஸ்தவ மருத்துவத் தம்பதியர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர்கள், 1970-ல் மகாராஷ்டிரத்தின் வறண்ட ஜாம்கேட் பகுதியில் பணி தொடங்கினார்கள். மக்களுக்கு முதல் தேவை மருந்தல்ல. உணவும் தண்ணீரும் என்று கண்டு, அவற்றுக்கே முதலில் வழி செய்தார்கள்.

பிறகு அந்தந்தக் கிராமத்துப் பெண்களையே சுகாதார ஊழியராகப் பயிற்றுவித்தார்கள். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர்கள். தீண்டாமைக்கு ஆளானவர்களும் உண்டு. சுத்தமான பிரசவம், கர்ப்பிணிக்கு நல்ல உணவு, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி ஆகியவற்றை அக்கம்பக்கத்துப் பெண்ணாக வீடு வீடாய்ச் சென்று சொன்னார்கள். 1971-ல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 ஒரு வயதுக்குள் மாண்டன. 1976-ல் அது 52 ஆகக் குறைந்தது. பெற்றவை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும், அளவான குடும்பத்தைத் தாய்மார் தாமே விரும்பினர்.

நாடு அதே காலத்தில் வேறொரு வழியையும் கண்டது. அவசரநிலையின்போது, 1976-77 ஓராண்டில் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைகள். பல இடங்களில் கட்டாயத்தின் பேரில்! சுகாதார ஊழியரைக் கண்டாலே ஏழைகள் அஞ்சும் நிலை வந்தது.

1968-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் விடுத்த 'ஹுமானே வீத்தே' மடல் செயற்கைக் கருத்தடையை விலக்குகிறது என்பதை அறிவோம். ஆனால் பொறுப்புள்ள பெற்றோராயிருப்பது தம்பதியரின் கடமை என்றும், அரசுகள் தம்பதியரை வற்புறுத்தும் ஆபத்து உண்டு என்றும் அதே மடல் கூறுவதை நாம் எத்தனை முறை எடுத்துரைத்தோம்?

ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பாரம் முழுவதும் யார்மேல் என்று பாருங்கள். திருச்சபை ஏற்கும் இயற்கை முறைக்கும் கணவனின் பொறுமையும் ஒத்துழைப்பும் இல்லாமல் வழியில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வரும் நாளில், மனைவியோடு நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். எந்த முடிவும் இருவர் மனமும் ஒத்ததாக இருக்கட்டும். மாமியாரோ, அதிகாரியோ திணித்ததாக வேண்டாம்.

அடுத்த யூபிலியில் இப்பதிவேடுகளைப் புரட்டும் குருவானவர், ஞானஸ்நானப் பதிவேட்டில் கண்ட பெயர்களையெல்லாம் திருமணப் பதிவேட்டிலும் காண்பாராக!