குடியிருக்கும் உரிமை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்ட்டின் லூதர் கிங் என்றதும் மொன்ற்கொமறி நகரத்துப் பஸ் வண்டிகளே நம் நினைவுக்கு வரும். 1955ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் கறுப்பு மக்கள் பஸ் ஏறாது நடந்தே வென்ற கதையை நீங்கள் அறிவீர்கள். காந்தியடிகளின் அறவழியைக் கைக்கொண்டவர் என்பதால் அவரிடம் நமக்குத் தனிப்பற்றும் உண்டு. ஆயினும் அவர் எளிதில் வெல்ல முடியாத போர் ஒன்று இருந்தது. அது வீட்டுக்கான போர்.

1966 ஜனவரியில் அவர் சிக்காகோ நகரின் மேற்குப் பகுதியில், ஏழைக் கறுப்பர் வாழ்ந்த லோண்டேலில், மூன்றாம் மாடி வீடொன்றில் வாடகைக்குக் குடிபுகுந்தார். வருபவர் யாரென்று அறிந்ததும் வீட்டுக்காரர் அவசரமாக ஆட்களை அனுப்பி அதைப் பழுதுபார்ப்பித்தார்! கிங் வீடு வீடாகக் குடிமாறினாலே சேரிகள் ஒழிந்துவிடும் என்று ஊரில் பகிடி பண்ணினார்களாம்.

தெற்கு மாநிலங்களில் சட்டமே கறுப்பரைப் பிரித்து வைத்தது. சட்டத்தை நேருக்கு நேர் எதிர்க்கலாம். சிக்காகோவில் அப்படியொரு சட்டம் இல்லை. தரகர் வீடு போய்விட்டது என்பார். வங்கி கடன் தராது. அரசாங்கமும் உடந்தையே. 1930களில் அரச நிறுவனமொன்று வரைந்த படங்களில் கறுப்பர் வாழும் பகுதிகள் சிவப்பு நிறம் பெற்றன. 1934இல் தோன்றிய அரச வீட்டுக்கடன் காப்புறுதியும் அத்தகைய இடங்களுக்கு மறுக்கப்பட்டது. ஆகவே கறுப்பர் பலர் தவணை ஒப்பந்தத்தில் அதிக விலைக்கு வீடு வாங்கினர். கடைசிக் காசு கட்டும்வரை உறுதி அவர்கள் பேருக்கு வராது. ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், கட்டிய பணமும் போகும்.

அவ்வாண்டு ஓகஸ்ட் 5ஆந் திகதி வெள்ளையர் பகுதியொன்றினூடாக ஊர்வலம் சென்றபோது கல்லொன்று அவர் தலையில் பட்டது. முழந்தாளிட்டு விழுந்தவர் எழுந்து நடந்தார். மிசிசிப்பியிலும் அலபாமாவிலுங்கூட இத்தகைய வெறுப்பைக் கண்டதில்லை என்று பின்னர் கூறினார். அம்மாத இறுதியில் நகரத் தலைவர்களோடு உடன்பாடு எழுதப்பட்டது. பெரும்பாலும் எழுத்தோடு நின்றது.

1968 ஏப்பிரில் 4ஆந் திகதி மெம்பிஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இழுபட்டுக் கிடந்த வீட்டுரிமை மசோதாவில் ஏழே நாட்களில், 11ஆந் திகதி, சனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டார். உயிரோடிருந்தவருக்குக் கொடுக்காததை மறைந்தவருக்குக் கொடுத்தார்கள்!

அச்சட்டத்திலும் ஓட்டை இருந்தது. நான்கு குடும்பங்களுக்கு மேற்படாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் பெரும்பாலும் அது அவரைத் தீண்டாது. இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாயிற்று. நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டிலும் அறை கேட்டு வந்த ஒருவரிடம் ஊரையும் பகுதியையும் விசாரித்தார்கள். பின் அறை கொடுத்தாயிற்று என்றார்கள். அந்த அறை மூன்று மாதம் பூட்டியே கிடந்தது.

சட்டத்துக்குப் பல் முளைக்க இன்னும் இருபது ஆண்டுகள் சென்றன. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே முறைப்பாடுகளை விசாரித்துத் தண்டம் விதிக்க வழி பிறந்தது. கிங் குடியிருந்த கட்டடம் இடிக்கப்பட்டு, நிலம் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தது. 2011இல் அங்கே அவர் பெயரில் 45 வீடுகள் எழுந்தன. வருமானம் குறைந்த குடும்பங்கள் அங்கே குடியேறின.