வெயில் தீவின் மழை

மத்தியதரைக் கடலில், சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது மால்ட்டா. கோசோ, கொமினோ என்ற பக்கத்துத் தீவுகளையும் சேர்த்து மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். ஆண்டில் சுமார் 3,000 மணி நேரம் அங்கே வெயில் அடிக்கிறது. அந்த வெயிலுக்காகத்தான் ஐரோப்பாவின் குளிர்நாட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். ஆனால் மால்ட்டாவைப் புரிந்துகொள்ள வெயிலைவிட மழையைத்தான் பார்க்க வேண்டும்.

கோடையில் உயர் காற்றழுத்தம் இந்தக் கடற்பகுதியின் மேல் குடையாகக் கவிந்துவிடும். மேலிருந்து இறங்கும் காற்று வறண்டிருப்பதால் மேகம் திரள வழியில்லை; ஜூலையில் பெரும்பாலும் ஒரு தூறல்கூட இருக்காது. போதாததற்கு, சகாராவிலிருந்து கிளம்பும் சிரோக்கோ காற்று வழியில் கடலின் ஈரத்தையும் வாரிக்கொண்டு வந்து புழுங்க வைக்கும். குளிர்காலத்தில் அந்த உயர் அழுத்தம் தெற்கே நகர்ந்துவிட, மேற்கிலிருந்து மழை வருகிறது.

வருகிற மழையைத் தேக்கி வைக்க அங்கே ஏரி கிடையாது; ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் கிடையாது. மிக உயர்ந்த மேடே 253 மீட்டர்தான். தரையெல்லாம் சுண்ணாம்புப் பாறை. அதில் ஊறி இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவு மீறி இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறிவிடும்.

இதை அந்த மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். 1565-இல் ஒட்டோமான் படையின் முற்றுகையைத் தாங்கி நின்ற புனித யோவான் சபை வீரர்கள், மறு ஆண்டே வலெட்டா நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி இருந்தாக வேண்டும் என்று விதி வகுத்தார்கள். மனை நிலத்திலேயே கல் வெட்டிச் சுவர் எழுப்புவார்கள். வெட்டிய பள்ளம் தொட்டியாகிவிடும். தட்டையான மொட்டைமாடியில் விழும் நீரெல்லாம் அதற்குள் இறங்கும். தேன் நிறத்தில் மின்னும் அந்தக் கல் வீடுகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவற்றின் அடியில் இருக்கும் தொட்டிதான் எனக்குப் பெரிய அழகாகத் தெரிகிறது. 1615-இல் மேற்கு மேட்டுநிலத்து ஊற்றுகளிலிருந்து நகருக்குக் கல் கால்வாயும் வந்து சேர்ந்தது.

இன்று குழாயில் வரும் நீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுத்ததே. அதற்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது. பழைய தொட்டிகளைப் பழுது பார்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது அங்கே அவசரமான வேலை.

மால்ட்டாவுக்குப் போகும் வாய்ப்பு அமைந்தால், ஆகஸ்டை விட்டுவிட்டுப் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். கடல் குளிர்ந்திருக்கும், நீந்த முடியாது. ஆனால் கல்வேலிகளுக்கு நடுவே வயல்கள் பச்சையாக இருக்கும். ஜூனுக்குள் அது முழுக்கக் காய்ந்துவிடும்.