இன்சுலினும் இரசாயனவியல் பாடமும்



உயர்தர வகுப்பில் நாம் மனனம் செய்த அமினோ அமிலங்கள் இன்று பலருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன. இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்களாலான இரு சங்கிலிகள். சாதாரண இன்சுலின் ஊசியேற்றிய இடத்தில் ஆறாறு மூலக்கூறுகளாகக் கூடி நிற்பதால் இரத்தத்தில் சேரத் தாமதமாகும். ஆகவே, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பே போட வேண்டும். பீ சங்கிலியில் 28ஆம் இடத்துப் புரோலினையும் 29ஆம் இடத்து லைசினையும் இடம் மாற்றியபோது அக்கூட்டம் விரைவாகக் கலைந்தது. அதுவே 1996இல் வந்த லிஸ்ப்ரோ. அந்த 29ஆம் இடத்து லைசினில் 14 காபன் கொண்ட கொழுப்பமிலத்தைப் பிணைத்தது டெற்றெமிர். அது அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு மெதுவாக, நீண்டநேரம் வேலை செய்யும்.

ஆகவே ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போடாதீர்கள். பெயரை வாசித்துப் பார்த்தே ஊசியை எடுங்கள்.

இன்னொன்று. "இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம்" என்று பயந்து ஒத்திப்போடுபவர்களில் நம் வயதுப் பெண்கள் பலர். வீட்டில் எல்லோருக்கும் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் தம்மை மறந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் பழுதாகின்றன. வைத்தியர் சொன்னால் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள்.