மலையேறும் காரும் டர்போ ஆசையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இறுதியாண்டு மெக்கானிக்கல் தம்பி ஒருவர் காலையில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அப்பாவோட பழைய பெட்ரோல் கார் வெள்ளிமலை ஏறவே திணறுது. ஃபில்டர், எக்ஸாஸ்ட் மாத்தினா போதுமா, இல்ல டர்போவே போட்டுடலாமா?" மேடையில் சொல்கிறேன் என்றேன். எனக்குப் பத்து நிமிடம்தான். வேறெதுவும் பேசப் போவதில்லை.

இன்ஜினின் சக்தி அது இழுக்கும் காற்றைப் பொறுத்தது. கல்வராயன் மலையில் 3,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. கீழே 80 குதிரைத்திறன் என்றால் அங்கே 72தான். நல்ல ஏர் ஃபில்டர், ஹெடர், ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர், ஈசியு மேப் எல்லாம் சேர்த்தாலும், சாதாரண இன்ஜினில் 5 முதல் 10 சதவீதம் கூடினால் பெரிய விஷயம். ஆக, மலை எடுத்துக்கொண்டதைத் திரும்ப வாங்குகிறோம். அதுவும் பெரும்பாலும் 5,000 ஆர்பிஎம் பக்கத்தில். கோமுகி அணை தாண்டிய ஏற்றத்தில் நாம் இருப்பதோ இரண்டாவது கியர், 2,000 ஆர்பிஎம். குழாயைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினால் அங்கே இழுவை குறையவும் செய்யும். சத்தம் மட்டும் கச்சிராயப்பாளையம் வரைக்கும் கேட்கும்!

டர்போ கதை வேறு. வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அரை பார் கூடுதல் அழுத்தம் என்றால், சூட்டில் போவதைக் கழிக்காமல் பார்த்தால், ஒன்றரை மடங்கு காற்று. ஆசை வராதா? எனக்கு வந்தது.

2014-இல், என் முதல் கார், பழைய 1300 சிசி. இரண்டு வருஷச் சேமிப்பைப் போட்டு செகண்ட்ஹேண்ட் டர்போ மாட்டினேன். பதினோரு நாள் நான்தான் ராஜா. பன்னிரண்டாம் நாள் அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு மலையேறினேன். மிதித்தபோது டிக் டிக்கென்று தட்டியது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இதைச் சொல்ல இன்னமும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த வளைவில் நீலப் புகை, வண்டி நின்றது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறங்கிய மினி லாரிக்காரர்தான் அம்மாவைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங் காடி உடைந்திருந்தது.

காரணம் இங்கே தெர்மோ வகுப்பில் படித்ததுதான். டர்போ இல்லாத இன்ஜினில் கம்ப்ரஷன் விகிதத்தை ஏற்கெனவே உயர்த்தி வைத்திருப்பார்கள். அதில் மேலும் அழுத்தினால், தீச்சுடர் வந்து சேருமுன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். 1962-இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் 10.25 விகிதத்தோடு டர்போ வைத்து வந்தது. வெடிப்பைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனித் தொட்டி. சொந்தக்காரர்கள் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். 1963-ஓடு அந்த மாடல் நின்றது. பெரிய கம்பெனி கதியே அப்படி. இன்றைய கம்பெனி டர்போவில் பிஸ்டன், ஆயில் ஓட்டம், இன்டர்கூலர், ஈசியு அத்தனையும் அதற்கென்றே அமைத்தவை. நான் வாங்கி மாட்டியதோ ஒரு நத்தைக்கூடு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை செய்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

ஆகவே தம்பி, டர்போ வேண்டாம். மலைக்கு டர்போ இழுவைதான் வேண்டுமென்றால் இதை விற்றுவிட்டு, கம்பெனியே டர்போ வைத்த வண்டி வாங்கச் சொல்லுங்கள் அப்பாவிடம். எக்ஸாஸ்ட் காசும் மிச்சமாகட்டும். பழைய வண்டி திணறுவதற்கு வழுக்கும் கிளட்ச், தேய்ந்த பிளக், வால்வு இடைவெளி, அடைத்த ஃபில்டர் என்று எத்தனையோ இருக்கலாம். இறங்கும்போது பிரேக் எப்படி என்று நீங்கள் கேட்கவே இல்லை; அதையும் பார்க்க வேண்டும். கார் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறதாம். என் டிக்கியில் கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் வாருங்கள், நாலு சிலிண்டரையும் அளந்துவிடுவோம்.